பக்திஸாரர் காட்டிய பொழுதுபோக்கு

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

“தினமும் சேவிப்பதால் நமக்கு என்ன பலன்?” என்று வெளிநாட்டில் பணிபுரியும் உறவுக்காரப் பிள்ளை ஒருவன் சென்ற மாதம் அடியேனிடம் கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை. பெற்றோர் கொடுத்தனுப்பிய நித்யாநுஸந்தானப் புத்தகம் அவன் மேஜைமேல் இருக்கிறதாம். தொடங்கினால் மூன்று நாள் நடக்கிறதாம். நான்காம் நாள் நின்றுவிடுகிறதாம். பலன் இன்னதென்று தெரிந்தால் விடாமல் செய்வேன் என்றான்.

1981 முதல் 2018 வரை வங்கியில் பணியாற்றியவன் அடியேன். எத்தனை மாதம் போட்டால் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு அந்த இடத்திலேயே விடை சொல்லிப் பழகியவன். இந்தக் கேள்விக்கு மட்டும் உடனே விடை சொல்ல இயலவில்லை. பலன் இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். பலன் உண்டு என்று மட்டும் சொன்னால், அடியேன் ஒரு காலத்தில் விழுந்த குழியிலேயே அவனும் விழுவான். ஆகவே ஆழ்வாருடைய சரிதத்தையும் பூர்வாசார்யர்களின் வழியையும் துணைகொண்டு நிதானமாக எழுதுகிறேன் என்று சொல்லி வைத்தேன். அவனைப் போலவே நடுவில் நின்றுபோன அன்பர்கள் வேறு சிலரும் இருப்பார்கள் என்பதால் அந்த விடையை இங்கே ஸமர்ப்பிக்கிறேன்.

துலாக்கோலில் தாழ்ந்த ஊர்

அடியேன் ஓய்வு பெற்றபின் குடியேறியது திருமழிசை. பூந்தமல்லியைத் தாண்டித் திருவள்ளூர் செல்லும் சாலையில் உள்ள ஊர். இன்று வருபவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது தொழிற்பேட்டையும் லாரிகளும் புதிய அடுக்குமாடி வீடுகளுமே. உள்ளே திரும்பினால் ஜகந்நாதப் பெருமாள் ஸந்நிதி. தை மாதம் மக நக்ஷத்திரத்தில் திருமழிசையாழ்வார் திருவவதரித்த தலம் இது.

இவ்வூருக்கு மஹீஸார க்ஷேத்ரம் என்று பெயர். தவம் செய்யச் சிறந்த இடம் எது என்று முனிவர்கள் கேட்க, துலாக்கோலின் ஒரு தட்டில் இவ்வூரையும் மறு தட்டில் மற்றைய பூமி முழுவதையும் வைத்து விச்வகர்மாவைக் கொண்டு நான்முகன் நிறுத்துப் பார்த்தான் என்றும், திருமழிசை இருந்த தட்டே தாழ்ந்தது என்றும் குருபரம்பரை வரலாறு கூறும். பூமியின் ஸாரம் ஆகையால் மஹீஸாரம். அங்கே தோன்றிய ஆழ்வார் பக்தியின் ஸாரம் ஆகையால் பக்திஸாரர்.

இந்த எடைக் கதையைக் கேட்கும்போதெல்லாம் அடியேனுக்கு வேறொரு கணக்கும் நினைவுக்கு வரும். ஒரு நாளுக்கு 24 மணி. கால் மணிகளாகப் பிரித்தால் 96. ஆழ்வார் அருளிய நான்முகன் திருவந்தாதிக்கும் பாசுரங்கள் 96. பொருத்தம் தற்செயலானதே, கணக்கெழுதிப் பழகியவனுக்கு அது இனிக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த 96 கால் மணிகளில் ஒன்றை எம்பெருமானுக்கென்று ஒரு தட்டில் வைத்து, மற்றைய 95ஐயும் எதிர்த்தட்டில் வைத்தால், எது தாழும்? இந்தக் கட்டுரை முழுவதும் இந்த ஒரு கேள்வியைப் பற்றியதே.

காலக்ஷேபம் என்னும் சொல்

நம் ஸம்ப்ரதாயத்தில் க்ரந்தங்களைக் கேட்பதற்குக் காலக்ஷேபம் என்று பெயர். அச்சொல்லின் நேர்ப்பொருள் காலத்தைக் கழித்தல், அதாவது பொழுதுபோக்கு. உலகத்தார் வேலை முடிந்தபின் மிஞ்சியதைப் பொழுதுபோக்கு என்பர். நம் பெரியோர்க்கோ அதுவே வேலை. மற்றவை அதற்காகச் செய்யப்படுபவை.

நான்முகன் திருவந்தாதியில் ஓரிடத்தில் ஆழ்வார் தாம் காலம் கழித்த வகையைத் தாமே சொல்கிறார். எம்பெருமானைப் பற்றித் தெளிந்து எழுதுவது, ஓதுவது, பிறர் சொல்லக் கேட்பது, வணங்குவது, பூஜை செய்வது என்று அடுக்குகிறார். இவற்றில் யாகமோ பெருஞ்செலவோ இல்லை. ஓர் எளிய மனிதன் ஒரு திண்ணையில் அமர்ந்து செய்யக்கூடியவையே எல்லாம். இவற்றுக்கு அவர் சொல்லும் பயனையும் கவனிக்க வேண்டும். செல்வம் வந்தது என்றோ பகை ஒழிந்தது என்றோ அவர் சொல்லவில்லை. இவற்றால் தாம் தரித்திருந்தார் என்கிறார். தரிப்பு என்பது உயிர் நிற்பது, குலையாமல் இருப்பது.

ஆழ்வாருடைய சரிதத்தைப் படித்தால், ‘நாள்தோறும்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். பிரம்பறுக்க வந்த திருவாளனும் அவன் மனைவி பங்கயச்செல்வியும் எடுத்து வளர்த்த அக்குழந்தைக்கு, முதிய தம்பதி நாள்தோறும் பால் கொண்டுவந்து ஸமர்ப்பித்தனர். ஒரு நாள் ஆழ்வார் மீதம் வைத்த பாலை அவர்கள் ப்ரஸாதமாகக் கொண்டு, முதுமை நீங்கிப் பெற்ற பிள்ளையே கணிகண்ணன். பின்பு கச்சித் திருவெஃகாவில் ஆழ்வார் எழுந்தருளியிருந்த காலத்தில், ஒரு மூதாட்டி அவரிருந்த இடத்தை நாள்தோறும் மெழுகிக் கோலமிட்டு வந்தாள். ஆழ்வார் உகந்து என்ன வேண்டும் என்று கேட்டபோது, தொண்டுக்கு முதுமை தடையாயிருப்பதையே அவள் விண்ணப்பித்தாள் என்பர்.

பால் கொடுத்தவர்கள் பிள்ளை வேண்டிக் கொடுக்கவில்லை. மெழுகியவள் இளமை வேண்டி மெழுகவில்லை. பலன் வந்தது, ஆனால் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த திசையிலிருந்து வரவில்லை.

தலைகீழாக நட்ட செடி

அடியேன் விழுந்த குழியை இப்போது சொல்ல வேண்டும்.

1994ஆம் ஆண்டு. பதவி உயர்வுக்கான நேர்காணல் மூன்று மாதத்தில் வரவிருந்தது. அதுவரை ஏகாதசிக்கும் புரட்டாசிச் சனிக்கிழமைக்கும் மட்டும் பெருமாளை நினைத்த அடியேன், நாள் தவறாமல் ஸ்ரீவிஷ்ணு ஸஹஸ்ரநாமம் சொல்லத் தொடங்கினேன். ஒரு நாளும் விடவில்லை. நாள்காட்டியில் ஒவ்வொரு நாளும் சிவப்பு மையால் குறியிட்டேன். நேர்காணல் முடிந்து பட்டியல் வந்தது. அடியேன் பெயர் இல்லை. அன்று மாலையே புத்தகத்தை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். அது கீழே இறங்க 15 ஆண்டுகள் ஆயின.

பெருமாளிடம் கோபித்துக்கொண்டதாக அப்போது நினைத்தேன். பின்னாளில்தான் அடியேன் செய்தது வழிபாடே அன்று என்பது புரிந்தது. தொடர் வைப்புக் கணக்கில் மாதத் தவணை கட்டிவிட்டு, முதிர்வுத் தொகை வரவில்லையே என்று கணக்கை மூடியவனின் செயல் அது.

திருமழிசையாழ்வாரைத் திருத்திப் பணிகொண்ட பேயாழ்வாரின் செயல் இங்கே நினைக்கத் தக்கது. பல மதங்களையும் ஆராய்ந்து பார்த்துக்கொண்டிருந்த திருமழிசைப்பிரானின் கண்ணில் படும்படி, பேயாழ்வார் செடிகளைத் தலைகீழாக நட்டு, ஓட்டைக் குடத்தால் நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இது பைத்தியக்காரச் செயலன்றோ என்று இவர் கேட்க, அவர் அதையே இவர்பால் திருப்பிச் சொல்லித் தெளிவித்தார் என்பது வரலாறு. அடியேன் 1994இல் நட்டதும் தலைகீழ்ச் செடியே. பலனை வேராக மண்ணில் புதைத்துவிட்டு, எம்பெருமானைக் கிளையாக மேலே விட்டேன். உழைப்பில் குறைவில்லை, நட்ட முறையே தவறு.

ப்ரபந்நனுக்கு எம்பெருமானே உபாயம் என்பது நம் ஸித்தாந்தம். நாம் சொல்லும் பாசுரங்களின் எண்ணிக்கை அவனை விலைக்கு வாங்கும் காசன்று. அநுஸந்தானம் நமக்குக் கைங்கர்யம். அதுவே அதற்குப் பயன். அப்படியானால் அந்தப் பிள்ளையின் கேள்விக்கு விடையே இல்லையா? உண்டு. நம்மாழ்வார் காட்டிய வழியில் அந்த விடையைத் தேடலாம்.

திருக்கோளூர் எம்பெருமானைப் பற்றிய திருவாய்மொழிப் பதிகத்தின் முதற்பாசுரத்தில், சோறு, நீர், வெற்றிலை ஆகிய மூன்றும் தமக்குக் கண்ணனே என்கிறார் நம்மாழ்வார். இம்மூன்றையும் தாரகம், போஷகம், போக்யம் என்று வ்யாக்யாதாக்கள் நிர்வஹித்தனர். உயிரைத் தாங்குவது தாரகம்; வளர்ப்பது போஷகம்; இன்பமாவது போக்யம். சோறு உண்பவன் அதற்குக் கூலி கேட்பதில்லை. ஆனால் சோற்றால் அவனுக்குப் பலன் இல்லை என்று யாரும் சொல்லார். நித்யாநுஸந்தானத்தின் பலனும் இவ்வகையினதே.

முதற்பலன்: தாரகம்

2009இல் புத்தகத்தை மீண்டும் எடுத்தேன். இம்முறை எந்த வேண்டுதலும் இல்லை. மகள் திருமணமாகிச் சென்றபின் விடியற்காலையில் வீடு மிக அமைதியாக இருந்தது, அவ்வளவே காரணம். தனியன்கள், திருப்பல்லாண்டு, அதன்பின் அன்றன்றைக்கு முடிந்தது. திருமழிசைக்கு வந்தபின் ஊருக்குரிய ஆழ்வார் என்று திருச்சந்தவிருத்தத்தையும் சேர்த்துக்கொண்டேன்.

அடியேனிடம் ஒரு குறை இருந்தது. சேவிக்கும் நேரத்தில் தளிகை அறையில் பாத்திர ஓசை கேட்டால் பொறுக்காது. “சேவிக்கிற நேரத்தில் என்ன சத்தம்?” என்று தர்மபத்நியைக் கடிந்துகொள்வது வழக்கம். அவளும் பதில் பேசாமல் பாத்திரங்களை மெல்ல வைப்பாள். பெருமாளுக்கு அமுது செய்யப் பண்ணும் தளிகையின் ஓசைதான் அது என்பது அடியேனுக்குத் தோன்றியதேயில்லை.

2020 மே மாதம். கொரோனாத் தொற்றால் கோயம்பேடு காய்கறிச் சந்தையை மூடி, தற்காலிகமாக எங்கள் திருமழிசைக்கு மாற்றியிருந்தார்கள். இரவெல்லாம் லாரிகளின் இரைச்சல்; பகலில் வெளியே செல்ல அச்சம். மார்ச் முதலே ஸந்நிதியில் பக்தர்களுக்கு ஸேவை இல்லை, கோஷ்டி இல்லை. அந்த நாள்களில்தான் ஸ்ரீரங்கத்தில் இருந்த அடியேனின் அக்கா, நெஞ்சடைப்பால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். அடியேனுக்குத் திருப்பாவையை வாய்மொழியாகச் சொல்லிவைத்தவள் அவள். மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இ-பாஸ் வேண்டும். அடியேனுக்கோ வயது 62, சர்க்கரை நோய் வேறு. அத்திம்பேரும் மருமானும் தொலைபேசியில் அழைத்து, வர வேண்டாம், வந்தாலும் உள்ளே விடமாட்டார்கள் என்றனர்.

மறுநாள் விடியற்காலையில் வழக்கம்போல் விளக்கின் முன் அமர்ந்தேன். சேவிக்க வேண்டும் என்ற எண்ணத்தால் அன்று. கால்கள் தாமே அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தன. வாய் திறந்தது. பாசுரங்கள் சில தாமாகவே சென்றன. நடுவில் ஓரிடத்தில் அடுத்த அடி வரவில்லை. நாள்தோறும் சொல்லி வரும் பாசுரம். புத்தகம் எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் கையை நீட்டவும் தோன்றவில்லை. அப்படியே அமர்ந்திருந்தேன்.

அப்போது தளிகை அறையிலிருந்து அடுத்த அடியின் முதற்சொல் வந்தது. சற்று நின்று, அடி முழுவதும் வந்தது.

அவள் திருச்சந்தவிருத்தத்தைப் புத்தகம் வைத்துச் சேவித்தவள் அல்லள். பாத்திரங்களை ஓசையில்லாமல் வைத்துக்கொண்டு, இத்தனை காலமும் கேட்டிருக்கிறாள். அவள் சொல்லை அடியேன் பிடித்துக்கொண்டேன். அன்று மிச்சப் பாசுரங்களை இருவரும் சேர்ந்தே சேவித்தோம்.

பெரும்புலியூரில் நிகழ்ந்ததை அன்பர்கள் அறிவீர்கள். ஆழ்வார் ஒரு திண்ணையில் எழுந்தருளியிருந்தார். அங்கே வேதம் ஓதிக்கொண்டிருந்த அந்தணர்கள், இவர் கேட்கத் தகாதவர் என்று கருதி ஓதுவதை நிறுத்தினர். ஆழ்வார் குறிப்பறிந்து எழுந்தார். மீண்டும் தொடங்க முயன்றபோது, விட்ட இடம் அவர்களுக்கு மறந்துபோயிற்று. ஆழ்வார் வாய் திறக்கவில்லை. ஒரு கருப்பு நெல்லை எடுத்து நகத்தால் பிளந்து காட்டினார். அவர்கள் மறந்த வேதவாக்கியத்தின் பொருள் அதுவே. உடனே நினைவு வந்தது. தகுதியில்லாதவர் என்று தாங்கள் ஒதுக்கியவரிடமிருந்தே ஓதவேண்டியதைப் பெற்றுக்கொண்டு, வெட்கி அவரை வணங்கினார்கள்.

இச்சரிதத்தைப் பலமுறை உபந்யாஸத்தில் கேட்டிருக்கிறேன். அந்த அந்தணர்களின் இடத்தில் அடியேனே இருக்கிறேன் என்பது, ஒரு மே மாத விடியலில் நெல் பிளக்கும் ஓசையைத் தளிகை அறையிலிருந்து கேட்ட பின்புதான் தெரிந்தது.

தாரகம் என்பது இதுவே. மனம் நன்றாக இருக்கும் நாளில் வழக்கம் தேவையில்லை, ஆசையே போதும். மனம் செயலற்ற நாளில் ஆசை வராது. வழக்கம் மட்டும் வரும். நாமே நிற்க முடியாதபோது, நாம் நாள்தோறும் செய்து வந்தது நம்மை நிறுத்துகிறது. அது நம் வாயில் இல்லாத நாளில், நம்மோடு கேட்டிருந்தவர் வாயிலிருந்தும் வருகிறது. ஒருவன் செய்யும் அநுஸந்தானம் அவனோடு முடிவதில்லை.

இரண்டாம் பலன்: போஷகம்

தாங்கியது வளர்க்கவும் செய்யும். முதலில் அறிவு வளரும். திருச்சந்தவிருத்தத்தின் முதற்பாசுரம் எண்களால் ஆனது. நிலத்தில் ஐந்து குணங்கள், நீரில் நான்கு, தீயில் மூன்று, காற்றில் இரண்டு, விசும்பில் ஒன்று. கணக்குப் படித்தவனுக்கு அந்த இறங்குவரிசையே முதலில் பிடித்தது. பல மாதங்கள் எண்ணிக்கையாகவே சொன்னேன். பின்பு வ்யாக்யானத்தைக் கேட்டபோதுதான், ஒவ்வொரு பூதத்தையும் அதன் குணத்தையும் உள்ளிருந்து நடத்தும் அந்தராத்மாவாக அவனைக் காண்கிறார் ஆழ்வார் என்பது விளங்கிற்று. வாயில் ஏற்கெனவே இருந்ததால் பொருள் வந்து உட்கார இடம் இருந்தது. பொருள் தெரிந்தபின் சேவிக்கலாம் என்று காத்திருப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். சொல் முதலில் குடியேறட்டும். பொருள் தேடிக்கொண்டு வரும்.

அடுத்து, தன்னைத் தான் பார்க்கும் பழக்கம் வளரும். கணினி வராத காலத்தில், மாலையில் ரொக்கமும் பேரேடும் ஒத்துப்போகாமல் நாங்கள் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. பத்துப் பைசா வித்தியாசத்தை இரவு எட்டு மணி வரை தேடியதுண்டு. அன்றைய தவறு அன்றே கிடைக்கும். விட்டால் மாதக் கடைசியில் எங்கே தேடுவது என்றே தெரியாது. நித்யாநுஸந்தானமும் அவ்வாறு ஒரு நாள் கணக்கு.

ஓய்வுபெற்ற புதிதில் ஒரு வங்கிக் கிளைக்கு வாடிக்கையாளனாகச் சென்றேன். பழைய பழக்கத்தில் நேரே கவுன்ட்டருக்குள் எட்டிப் பார்த்தேன். அங்கிருந்த இளம்பெண், “வரிசையில வாங்க சார், எல்லாரும் நிக்கிறாங்க இல்ல?” என்றாள். “நான் யார் தெரியுமா?” என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அன்று காலையில் அதே நாக்கு எத்தனை முறை ‘அடியேன்’ என்று சொல்லியிருந்தது! இரண்டு பதிவுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. திரும்பிப்போய் வரிசையின் கடைசியில் நின்றேன். முறை வந்தபோது, “நீ சொன்னதுதான் சரி அம்மா” என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். பெரிய மாற்றம் என்று இதைச் சொல்ல வரவில்லை; கோபம் இன்றும் வருகிறது. ஆனால் காலையில் சொன்ன சொல் பகலில் நடுவே வந்து நிற்கிறது. சேவிக்காதிருந்த 15 ஆண்டுகளில் அப்படி ஒன்று வந்து நின்றதில்லை.

மூன்றாம் பலன்: போக்யம்

மூன்றாவதைப் பற்றி அதிகம் எழுத அடியேனுக்குத் தகுதி இல்லை. இனிமை எல்லா நாளும் வருவதில்லை. பெரும்பாலான நாள்களில் கொட்டாவியோடும், நடுவில் பால்காரர் மணியடிக்கும் ஓசையோடும்தான் சேவிக்கிறேன். ஆயினும் சில நாள்களில், ஒரு சொல் அதுவரை சொல்லாத சொல் போலப் புதிதாகத் தோன்றும். தை மகத்தன்று ஆழ்வார் திருமுன்பே கோஷ்டியில் நின்று, ஒருவர் விட்ட இடத்தை மற்றொருவர் எடுக்க, சாற்றுமுறைப் பாசுரங்களை எல்லோரும் ஒரே குரலாகச் சேவிக்கும்போது, இதற்குமேல் வேண்டுவது ஒன்றில்லை என்று ஒரு கணம் தோன்றும். அப்போது பலன் என்ன என்ற கேள்வியே நினைவில் இராது. வெற்றிலை போடுபவனிடம் அதன் பலனை யார் கேட்கிறார்கள்?

இந்த இனிமை வரும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தால் அதுவும் தலைகீழ்ச் செடியாகிவிடும். வந்தால் உகக்க வேண்டும். வராவிட்டால் மறுநாள் உட்கார வேண்டும்.

தொடங்குபவர்க்குச் சில கணக்குகள்

நான்காம் நாள் நின்றுபோகிறவர்க்கு இனி நடைமுறையைச் சொல்கிறேன்.

முதலாவது, அளவைச் சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள். திருப்பல்லாண்டு 12, திருப்பள்ளியெழுச்சி 10, திருப்பாவை 30, அமலனாதிபிரான் 10, கண்ணிநுண்சிறுத்தாம்பு 11. ஆக 73 பாசுரங்கள். முதல் நாளே இத்தனையையும் எடுத்துக்கொள்பவர்தாம் பெரும்பாலும் நான்காம் நாள் நிற்கிறார். திருச்சந்தவிருத்தம் 120 பாசுரங்கள். நாளுக்கு நான்கு வீதம் சேவித்தால் 30 நாளில் ஒரு முறை நிறைவுறும். நாளுக்கு 11 பாசுரங்கள் என்றால், ஓராண்டுக்குள் நாலாயிரமும் ஒரு சுற்று வந்துவிடும். பெரிய தொகை சிறு தவணையில் சேரும் என்பதை அடியேன் பிறர்க்குச் சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றேன். தமக்குத்தான் சொல்லிக்கொள்ளத் தாமதமாயிற்று.

இரண்டாவது, இடத்தையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். லண்டனில் இருந்தாலும் நியூஜெர்ஸியில் இருந்தாலும், கைபேசியைத் தொடும் முன் என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டால் போதும்.

மூன்றாவது, ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்து ஈடுகட்ட முயலாதீர்கள். எம்பெருமான் அபராத வட்டி விதிப்பவன் அல்லன். விட்ட இடத்திலிருந்து எடுத்தால் போதும்.

நான்காவது, அகத்தில் உள்ளவர் காதில் படும்படி சேவியுங்கள். அவர்களைக் கடிந்துகொள்ளாமல் சேவியுங்கள்.

ஒரு நாளைக் கழிக்கும் வகையை நம் ஆசார்யர்கள் சிறிய விஷயமாக எண்ணவில்லை. பகவதாராதன முறையை எம்பெருமானார் நித்யக்ரந்தமாக அருளினார். நாளை ஐந்து காலங்களாகப் பகுத்து அநுஷ்டிக்கும் நெறியை ஸ்வாமி தேசிகன் ஸ்ரீபாஞ்சராத்ரரக்ஷையில் விளக்கினார். மணவாள மாமுனிகள் ஒரு நாளை எப்படிக் கழித்தார் என்பதையே எறும்பியப்பா பூர்வதினசர்யை, உத்தரதினசர்யை என்று ஸ்தோத்ரங்களாக இயற்றினார்.

இத்தனையும் இயலாதவர்க்கும் வழி உண்டு. மீதமுள்ள காலத்தை எப்படிக் கழிப்பது என்று கேட்ட சிஷ்யர்களுக்கு எம்பெருமானார் படிப்படியாகச் சொன்ன வார்த்தை நாம் அறிந்ததே. ஸ்ரீபாஷ்யத்தை ஓதி ஓதுவிப்பது. அது இயலாவிட்டால் அருளிச்செயலை ஓதுவது. அதுவும் இயலாவிட்டால் திவ்யதேசக் கைங்கர்யம். அல்லது திருநாராயணபுரத்தில் ஒரு குடில் கட்டிக்கொண்டு இருப்பது. அல்லது த்வயத்தின் பொருளை நினைத்திருப்பது. ஒன்றுமே இயலாவிட்டால், நம்மவன் என்று அபிமானிக்கும் ஒரு ஸ்ரீவைஷ்ணவனின் நிழலில் ஒதுங்கியிருப்பது. கடைசிப் படிவரை இறங்கி வந்து கைகொடுத்தவர் அவர். கால் மணி நேரம் கிடைக்கவில்லை என்று அவரிடம் சொல்ல நமக்கு வாய் வராது.

அக்காவின் கணக்கு

அக்காவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். இருவரும் சேர்ந்து சேவித்த அந்த விடியலுக்கு இரண்டாம் நாள் அவள் ஆசார்யன் திருவடி அடைந்தாள். கடைசி நாள்களில் நினைவே இல்லை என்று மருமான் சொன்னான். அதுதான் அடியேனை மிகவும் வருத்தியது. புக்ககம் சென்ற நாள் முதல் ஒரு நாளும் விளக்கின் முன் அமராமல் இருந்ததில்லை அவள். அப்படிப்பட்டவளுக்கு முடிவில் ஒரு திருநாமம் சொல்லவும் வாய்க்கவில்லையே, அத்தனை நாள் அநுஸந்தானமும் எங்கே போயிற்று என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஆசௌச காலத்தில் சேவிக்காதிருந்தோம். ஆயினும் வழக்கமான வேளையில் விழிப்பு வந்தது. உதடு அசையப் பார்த்து நின்றது. அப்படிச் சும்மா அமர்ந்திருந்த ஒரு விடியலில், வராஹப் பெருமான் பூமிப்பிராட்டிக்கு அருளிய சரமச்லோகத்தின் பொருள் நினைவுக்கு வந்தது. உடலும் மனமும் நன்றாயிருக்கும் காலத்தில் ஒருவன் தன்னை நினைத்தால் போதும். பின்னொரு நாள் அவன் கட்டை போலவும் கல் போலவும் நினைவற்றுக் கிடக்கும்போது, தானே அவனை நினைத்துத் தன்னிடம் சேர்த்துக்கொள்வதாக அவன் சொல்கிறான். நினைக்கும் பொறுப்பு அந்த நாளில் கைமாறிவிடுகிறது.

அக்கா நினைக்க வேண்டியதை நினைத்து முடித்துவிட்டாள். இனி அவன் முறை. திருமழிசையிலும் ஸ்ரீரங்கத்திலும் கதவுகள் மூடியிருந்த அந்நாளில், அவளருகில் செல்ல எங்கள் யாருக்கும் அனுமதி இல்லை. அவனுக்கு மட்டும் யார் அனுமதியும் தேவைப்படவில்லை.

பலன் என்ன என்று கேட்ட பிள்ளைக்கு அடியேன் எழுதி அனுப்பியது இதுதான்: “நீ சேவிப்பதற்குக் கூலி கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் நீ நிற்க முடியாத ஒரு நாள் வரும். அந்த நாளுக்காக அன்று தொடங்க முடியாது; இன்றுதான் தொடங்க முடியும். நாளுக்கு நான்கு பாசுரம் போதும்.”

விடை ஒரே வரியாக வந்தது. இன்று நான்காம் நாள், ஐந்தாம் நாளும் உட்காரப் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தான்.

திருமழிசைப்பிரான் திருவடிகளே சரணம்.

அடியேன் ராமாநுஜ தாஸன்